காபித் தட்டை வைத்துவிட்டுப் போனவள்

விடுதலை கேட்கப் போன அன்றும் சஃபரானி வழக்கம்போல ரய்யா பீபிக்குக் காபி போட்டாள். இஞ்சியும் ஏலமும் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்து, பித்தளைக் கூஜாவில் ஊற்றி, பிடியில்லாத சின்னக் கிண்ணம் ஒன்றும் நாலு பேரீச்சம்பழமும் தட்டில் எடுத்துக்கொண்டு மாடியேறினாள். கட்டில் ஓரத்தில் வைத்தாள்.

"கால் பிடிச்சுவிட வரலையாடி?" என்று பீபி போர்வைக்குள்ளிருந்தே கேட்டாள்.

"இதோ வர்றேன் பீபி."

படியிறங்கினாள். பித்தளைக் குமிழ்கள் பதித்த பெரிய கதவில் இருந்த சின்னத் திட்டிவாசலைத் திறந்துகொண்டு சந்தில் இறங்கி நடந்தாள். அதற்கப்புறம் பதினோரு வருஷம் அந்த வாசலை அவள் மிதிக்கவில்லை.

அப்போது அவளுக்கு இருபத்தேழு வயது இருக்கலாம். எண்ணிச் சொல்ல ஆளில்லை. ஏழு வயது போல இருந்தபோது, பெருநிலத்தில் எங்கோ உள்ளே, பெரிய ஏரிக்கரை ஊர் ஒன்றிலிருந்து பிடித்து வந்திருந்தார்கள். கடற்கரை வரைக்கும் நடை. பிறகு பாய்மரப் படகு. ஸான்சிபார் தீவில் அடிமைச் சந்தையை மூடிச் சில வருஷம் ஆகியிருந்தது. மூடினால் என்ன, வீட்டுக்குள்ளேயே வைத்து விற்றார்கள். பிள்ளையில்லாத வீட்டில் ஒரு சின்னக் குரல் கேட்கட்டும் என்று ரய்யா பீபியின் புருஷன் அவளை வாங்கிவந்தார். அந்த வீட்டில் ஏற்கெனவே கிராம்பு என்று ஒருத்தி இருந்தாள். முத்து என்று ஒருத்தி இருந்தாள். இவளுக்குக் குங்குமப்பூ என்று பேர் வைத்தார்கள். அதுதான் சஃபரானி.

பீபி கொடுமைக்காரி இல்லை. கை நீட்டியது குறைவு. சஃபரானிக்கு அம்மை போட்டபோது பக்கத்தில் உட்கார்ந்து வேப்பிலையால் விசிறியிருக்கிறாள். ஒரு நோன்புப் பெருநாளன்று எல்லார் முன்னாலும் சொன்னாள்: "நான் மவுத்தானதும் இவ விடுதலை. எழுதி வெச்சுட்டேன்."

சஃபரானி பூரித்துப்போனாள். அந்தப் பூரிப்பு ஒரு வருஷம்போல இருந்தது. பிறகொரு நாள் பீபியின் கணுக்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது கை தானாக நின்றுவிட்டது. தன் விடுதலைக்காக ஒருத்தி சாக வேண்டும். அந்த ஒருத்தியைச் சாகாமல் பார்த்துக்கொள்வதுதான் தன் வேலை. நன்றாகக் கால் பிடித்துவிட்டால் விடுதலை தள்ளிப்போகும். நன்றாகப் பிடிக்காவிட்டால் அவள் சாவை விரும்பியதாக ஆகும். "என்னடி நிறுத்திட்டே?" என்றாள் பீபி. மறுபடி தேய்த்தாள். அன்று முதல் அவளுக்கு அந்தக் காலைத் தொடவே கூசியது.

கேட்கிறவர்களுக்கு விடுதலைச் சீட்டு உண்டு என்று அரசாங்கம் பறையறைந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. சஃபரானி நேரே போன கச்சேரியில் வெள்ளைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் குமாஸ்தா, கத்தி மாதிரி மடிப்பு வைத்த வெள்ளைச் சட்டையில்.

"எங்கே தங்குவே? என்ன வேலை தெரியும்? சும்மா திரியறவளுக்குச் சீட்டு இல்லை" என்றார் குமாஸ்தா.

சஃபரானி அந்தச் சட்டையைப் பார்த்தாள். "இஸ்திரி போடுவேன்" என்றாள். ஆயுசில் இஸ்திரிப் பெட்டியைத் தொட்டதில்லை.

துறைமுகத்துத் துரை வீட்டில் இஸ்திரி போட ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். இப்படித்தான் சீட்டும் வேலையும் ஒரே நாளில் கிடைத்தன. முதல் நாளே துரையின் சட்டை முதுகில் பெட்டியின் அச்சு அப்படியே பழுப்பாக விழுந்தது. துரையின் பெண்சாதி மேம்சாப் கத்தவில்லை. ஒரு கிழிந்த விரிப்பைக் கொண்டுவந்து மேஜையில் போட்டு, "இதில் எரி. சட்டையில் எரியாதே" என்றாள். கடைத்தெருவில் பொறுக்கிய நூறு வார்த்தைகளை வைத்துக்கொண்டு அவள் பேசும் பாஷை அது. சஃபரானி என்ற பேர் அவள் வாயில் நுழையவில்லை. "ஸாரா" என்றாள். ஸாராவாகவே இருந்துவிட்டுப் போகிறது என்று சஃபரானி இருந்தாள். பேர் மாறுவது அவளுக்குப் புதிதா என்ன?

முதல் சம்பளத்தில் அடிமைகள் கட்டும் கருநீலத் துணியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பூப்போட்ட காங்கா ஒரு ஜோடி வாங்கினாள். ஒன்றை இடுப்பில் கட்டி, மற்றதைத் தலையில் போர்த்துக்கொண்டு கடைத்தெருவில் இரண்டு தடவை காரணமில்லாமல் நடந்தாள். அடிமைப் பெண்ணுக்குத் தலையில் முக்காடு கிடையாது. இப்போது இருந்தது.

ஆறு மாதத்தில் வேலை கைக்கு வந்துவிட்டது. வாயில் தண்ணீர் வைத்துப் புஸ்ஸென்று துணியில் தெளிப்பதை மட்டும் மேம்சாப்பால் தாங்க முடியவில்லை. மேம்சாப் பார்க்கும்போது கையால் தெளிப்பாள், பார்க்காதபோது வாயால்.

மேம்சாப்பிடம் ஒரு வழக்கம். தேநீருக்கு விருந்தாளிகள் வந்தால் கூப்பிட்டனுப்புவாள். சஃபரானி போய்ச் சுவரோரம் நிற்க வேண்டும். மேம்சாப் அவளைக் காட்டி ஏதோ சொல்வாள். இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் 'அடிமை' என்பதற்கு அவர்கள் சொல்லும் வார்த்தையை மூன்றாவது தேநீரிலேயே சஃபரானி பிடித்துவிட்டாள்.

"அந்த வார்த்தை வந்ததும் எல்லாரும் உச்சுக் கொட்டுவாங்க. ஒரு அம்மா கண்ணைத் துடைச்சுக்குவா. அப்புறம் கேக் சாப்பிடுவாங்க" என்று முற்றத்தில் மஜாலிவாவிடம் சொன்னாள்.

"உனக்குக் கேக் குடுத்தாங்களா?"

"இல்லை."

"அப்போ உன்னை இன்னும் முழுசா விடுதலை பண்ணலை."

மஜாலிவா துரையின் ரிக்‌ஷா இழுக்கிறவன். நெடிய ஆள், குரல் பெரிசு. சின்ன வயதில் அவனை ஏற்றிவந்த படகை இங்கிலீஷ் போர்க்கப்பல் மடக்கிப் பிடித்தது. "விடுதலைன்னு சொல்லித் தோளைத் தட்டினாங்க. அப்புறம் கிராம்புத் தோட்டத்துல இறக்கிவிட்டுட்டுப் போய்ட்டாங்க" என்பான். துரை ஆபீஸிலிருந்து திரும்பும் வரை முற்றத்து நிழலில் உட்கார்ந்து, சஃபரானி இஸ்திரி போடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

"என் சட்டைக்கும் ஒரு தடவை போட்டுவிடேன்."

"அதுல துணி எங்கேய்யா இருக்கு? ஓட்டைதான் இருக்கு."

"ஓட்டைக்குப் போடு. ஓட்டையாவது மடிப்பா இருக்கட்டும்."

இப்படியே வருஷங்கள் போயின. ஒரு நாள் அவன் வழக்கத்துக்கு மாறாகத் தாழ்ந்த குரலில் ஆரம்பித்தான். "ஓடைக்கு அக்கரையில ஒரு வீடு எழுப்பிட்டிருக்கேன். சுவர் ஆச்சு. கூரைக்கு ஓலை சொல்லணும். வீட்ல எத்தனை பேர்னு ஓலைக்காரன் கேக்கறான்."

"ஓலைக்காரனுக்கு அது எதுக்கு?"

"அவன் கேக்கலை. நான்தான் கேக்கறேன்."

சஃபரானி பெட்டியைக் கல்லின் மேல் வைத்தாள். கைகளைக் காங்காவில் துடைத்தாள். "ரெண்டு பேர்னு சொல்லு" என்றாள்.

காஜி வீட்டுக்குப் போனார்கள். காஜி மஜாலிவாவிடம் இரண்டு கேள்வியோடு நிறுத்திவிட்டார். சஃபரானி பக்கம் திரும்பினார்.

"வாப்பா இருக்காரா?"

"தெரியாது."

"அண்ணன், தம்பி, சித்தப்பா?"

"ஏரிக்கரையில இருக்கலாம். என்னைத் தேடிட்டு இருக்கலாம்."

"அப்போ உன்னை விடுதலை பண்ணினவங்கதான் உனக்குப் பொறுப்பு. அவங்க வாக்கு வேணும்."

"அரசாங்கம் பண்ணிச்சு." மடியிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினாள்.

காஜி அதைத் தொடவில்லை. "இது கச்சேரிக்குச் செல்லும்மா. நிக்காஹ்வுக்குச் செல்லாது. ரய்யா பீபி ஒரு வார்த்தை சொல்லட்டும், மீதியை நான் பார்த்துக்கறேன்."

வெளியே வந்ததும் மஜாலிவா, "எனக்கு யாரும் வாக்குக் குடுக்க வேண்டாமாம். என்னை விட்டது கப்பல். கப்பல்கிட்ட போய்க் கேக்க முடியாதுன்னு விட்டுட்டார்" என்றான். சஃபரானி சிரிக்கவில்லை.

பித்தளைக் குமிழ்களெல்லாம் பச்சையேறிக் கிடந்தன. திட்டிவாசலைத் தள்ளிக்கொண்டு நுழையும்போது, தலைமேல் கிடந்த காங்காவை அவள் கையே இழுத்துத் தோளில் போட்டுவிட்டது. கை செய்ததை அவள் படியேறிய பிறகுதான் கவனித்தாள்.

வீடு காலி. பீபியின் புருஷன் மண்ணுக்குப் போயாயிற்று, சொந்தக்காரர்கள் மஸ்கட்டுக்குப் போயாயிற்று. கிராம்பும் முத்தும் சீட்டு வாங்கிக்கொண்டு அவரவர் வழியில் போய்விட்டார்கள். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு வேளை சோறு வந்துகொண்டிருந்தது. பீபி ஜன்னலோரப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். அறுபது தாண்டிவிட்டது. இரண்டு கண்ணிலும் பால் படர்ந்திருந்தது.

"யாரது?"

"நான்தான் பீபி. சஃபரானி."

கீழே சந்தில் ஒருவன் சுட்ட மரவள்ளிக்கிழங்கு கூவிக்கொண்டு போனான்.

"காபி ஆறிப்போச்சு" என்றாள் பீபி.

சஃபரானி வந்த காரியத்தைச் சொன்னாள். பீபி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "வாக்கு வேணுமா, வாக்கு. போறப்ப எங்கிட்ட வாக்குக் கேட்டியா? எழுதி வெச்சிருந்தேனே, பொறுக்கலையா உனக்கு?" கொஞ்சம் கழித்து, "யோசிக்கணும். நாளைக்கு வா" என்றாள்.

மறுநாள் போனாள். "நாளைக்கு வா." அதற்கு மறுநாளும் அதே. சும்மா நிற்க முடியாமல் ஒட்டடை அடித்தாள். அடுத்த நாள் பெருக்கினாள். அதற்கடுத்த நாள் பீபியின் தலையில் சிக்கெடுத்துப் பின்னிவிட்டாள். துரை வீட்டில் வேலை முடிந்ததும் கால்கள் தாமாக அங்கே போயின. எட்டாம் நாள் மஜாலிவா சந்து முனையில் ரிக்‌ஷாவோடு நின்று வழிமறித்தான்.

"கையில என்ன மணக்குது?"

"தேங்காய் எண்ணெய்."

"யார் காலுக்கு?"

அவள் கையைக் காங்காவில் துடைத்தாள்.

"துரை வீட்ல மாசம் பொறந்தா கூலி. இங்கே என்ன தர்றா அந்தப் பொம்பளை? நாளைக்கு வான்னு ஒரு வார்த்தை. அதுக்கே இப்படிக் குனிஞ்சு போறியே! நான் கட்டினது ரெண்டு பேருக்கு வீடு, சஃபரானி. ஒரு ஆளுக்கும் ஒரு அடிமைக்கும் இல்லை."

அவன் அவளிடம் குரலை உயர்த்தியது அதுவே முதல் தடவை. சொல்லிவிட்டு அவனே கலங்கிப்போய் ரிக்‌ஷாவை இழுத்துக்கொண்டு ஓடினான்.

மறுநாள் சஃபரானி முக்காட்டை இறுக்கிப் போர்த்துக்கொண்டு போனாள். துடைப்பம் மூலையில் இருந்தது. தொடவில்லை. நேரே போய்ப் பீபியின் பக்கத்தில், அதே பலகையில் உட்கார்ந்தாள். பலகை கிரீச்சிட்டது. பீபி திடுக்கிட்டுக் கையால் தடவிப் பார்த்தாள். விரல்கள் சஃபரானியின் தோளில், முக்காட்டில் பட்டு நின்றன.

"இன்னிக்கு நான் விருந்தாளியா வந்திருக்கேன் பீபி. விருந்தாளிக்குக் காபி உண்டா?"

பீபியின் உதடு துடித்தது. திட்டப் போகிறாள் என்றுதான் சஃபரானி நினைத்தாள். பீபி எழுந்தாள். சுவரைத் தடவிக்கொண்டே அடுப்படிக்குப் போனாள். பாத்திரம் ஒன்று உருண்டது. உதவப் போகாமல் இருப்பதற்குச் சஃபரானி பலகையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவ்வளவு கஷ்டமான வேலையை அந்த வீட்டில் அவள் அதுவரை செய்ததில்லை.

காபி வந்தது. பாதி தட்டில் சிந்தியிருந்தது, ஏலம் அதிகம். குடித்தாள்.

"நல்லா இருக்கா?"

"இல்லை பீபி."

பீபி சிரித்துவிட்டாள். பல்லில்லாத, பழைய சிரிப்பு. அந்தச் சிரிப்பிலேயே, பேச்சோடு பேச்சாக, "வந்த புதுசுலயும் இப்படித்தான் முகத்துக்கு நேரா பேசுவே. சஃபரானின்னு கூப்பிட்டா திரும்பவே மாட்டே. பத்து நாள். மார்ல அடிச்சு அடிச்சு, அத்துவேனி, அத்துவேனின்னு சொல்லுவே" என்றாள்.

சஃபரானியின் கையில் கிண்ணம் அசையாமல் நின்றது.

பன்னிரண்டு வயதில் ஒரு நாள் அவள் இதே பீபியிடம் கேட்டிருக்கிறாள்: என் பழைய பேர் என்ன பீபி, எனக்கு மறந்துபோச்சு. நினைவில்லையே என்று பீபி சொன்னாள். அதற்கப்புறம் எத்தனையோ தடவை தனியாக உட்கார்ந்து வாயை அப்படி இப்படி அசைத்துப் பார்த்திருக்கிறாள், ஏதாவது ஒரு அசைவில் அந்தப் பேர் வந்து விழாதா என்று. வந்ததில்லை.

"தெரியாதுன்னு சொன்னீங்க."

பீபியின் சிரிப்பு நின்றது.

"நான் கேட்டேன். நினைவில்லைன்னு சொன்னீங்க."

"சொன்னா போயிடுவேன்னு நினைச்சேன்" என்றாள் பீபி மெல்ல.

"பன்னிரண்டு வயசுல எங்கே போவேன்? கடல் மேல நடந்தா?"

கிண்ணத்தை வைத்தாள். எழுந்தாள். வாக்கு கேட்கவில்லை. வழி நெடுகக் காங்கா நுனியை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். முற்றத்தில் மஜாலிவாவிடம், "எனக்கு அவ வாக்கு வேண்டாம், காஜியும் வேண்டாம். அக்கரையில பாதிப் பேர் நிக்காஹ் இல்லாமத்தான் குடும்பம் நடத்தறாங்க. நாமளும் நடத்துவோம்" என்றாள். நடந்ததையும் சொன்னாள். மஜாலிவா கேட்டுக்கொண்டான். வேடிக்கையாக ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து, வியாழக்கிழமை மத்தியானம், "ஒரே ஒரு தடவை காஜி வீட்டுக்குப் போ. நான் பின்னாடியே வர்றேன். எங்கிட்ட எதுவும் கேக்காதே" என்றான். போய் உட்கார்ந்திருந்தாள். காஜி கணக்கற்ற கொட்டாவி விட்டார். அப்புறம் தெருவில் ஒரே ஆரவாரம். எட்டிப் பார்த்தாள்.

துறைமுகத்துத் துரையின் ரிக்‌ஷா வந்துகொண்டிருந்தது. மஜாலிவா இழுத்துக்கொண்டிருந்தான். உள்ளே தலை முதல் கால் வரை கறுப்பு உடுத்து, கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு ரய்யா பீபி. அந்தக் காலத்தில் அவள் வெளியே புறப்பட்டால் பொழுது சாய்ந்த பிறகுதான். நாலு மூலையிலும் நாலு பெண்கள் துணிப் பந்தல் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். சஃபரானியும் ஒரு மூலை பிடித்திருக்கிறாள். இப்போது உச்சிவெயிலில், வாழைப்பழக் கடைக்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்திறங்கினாள்.

மஜாலிவா பிறகு சொன்னான்: "நான் நாலு வார்த்தை கேட்டுட்டு வரலாம்னுதான் போனேன். கேட்டேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, உன் வண்டியில நான் உட்காரலாமாங்கறா. என்ன பண்றது? துரை சாப்பிட்டுத் தூங்கிட்டிருந்தார்."

திரைக்கு அந்தப் பக்கம் பீபியை உட்காரவைத்தார்கள். காஜி தொண்டையைக் கனைத்தார். "உங்க கிட்ட இருந்த இந்தப் பெண்ணை..."

"விட்டுட்டேன்" என்றாள் பீபி. "நான் சாகறதுக்கு முன்னாடியே. அவ யாரைக் கட்டினாலும் எனக்குச் சம்மதம். இவன் வாய்தான் கொஞ்சம் நீளம்."

காஜி பேனாவை மையில் தோய்த்தார். "பெண் பேர்?"

எல்லாரும் காத்திருந்தார்கள்.

"அத்துவேனி" என்றாள் சஃபரானி. சொன்னபோது யாரோ ஒரு சின்னப் பெண்ணின் பேரைச் சொல்வதுபோலத்தான் இருந்தது. கொஞ்சம் யோசித்து, "சஃபரானின்னும் சேர்த்து எழுதுங்க. இத்தனை வருஷம் உழைச்சதெல்லாம் அவதான்" என்றாள்.

பீபியை மன்னித்துவிட்டாயா என்று அக்கரைப் பெண்கள் பிற்பாடு கேட்பதுண்டு. "வெள்ளிக்கிழமை போவேன். உட்காருவேன். அவ காபி தருவா, குடிப்பேன். வந்துருவேன்" என்பாள். இரண்டு மழைக்காலம் அப்படிப் போனாள். துடைப்பத்தைத் தொடவில்லை. மூன்றாவது மழையில் பீபி போய்ச் சேர்ந்தாள். மய்யித்தைக் குளிப்பாட்டப் பெண்கள் வேண்டுமென்று ஆள் வந்தபோது சஃபரானி இஸ்திரிப் பெட்டியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனாள். கால்களை அவள்தான் கழுவினாள். யாரும் சொல்லாமல்.

மேம்சாப்பிடமும் ஒரு நாள் சொன்னாள், "நான் ஸாரா இல்லை" என்று. மேம்சாப் திகைத்தாள். ஒரு காகிதத்தில் எழுதிவைத்துக்கொண்டு, அட்டு, அட்டுவே என்று ஒரு வாரம் திணறி, ஒருவழியாகப் பேரைப் பிடித்துவிட்டாள். தேநீருக்குக் கூப்பிட்டால் மட்டும், "பெட்டி சூடா இருக்கு மேம்சாப், விட்டுட்டு வர முடியாது" என்ற பதில்தான் போகும். நாலைந்து தடவைக்குப் பிறகு மேம்சாப் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். அது புரிந்து நிறுத்தியதா, அலுத்து நிறுத்தியதா என்று சஃபரானிக்குத் தெரியாது. தன் ஊருக்குத் திரும்பும்போது மேம்சாப் அந்த இஸ்திரி மேஜையை அவளுக்கே கொடுத்துவிட்டுப் போனாள். மஜாலிவா அதைத் தலையில் வைத்து ஓடைப் பாலத்தைத் தாண்டிக் கொண்டுவந்தான்.

பிள்ளைகள் இல்லை. கட்டும்போதே நாற்பதை நெருங்கியிருந்தாள். மஜாலிவாவின் முழங்கால் போனதும் ரிக்‌ஷாவை விட்டான். அவள் வீட்டு முன்னால் மேஜையைப் போட்டு ஊருக்கெல்லாம் இஸ்திரி போட்டாள். அவன் கரி ஊதிக்கொடுத்துக்கொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் வாயடித்தான். எல்லாரும் அவளைச் சஃபரானி என்றுதான் கூப்பிட்டார்கள். அவனும்தான்.

அறுபது வயதுக்கு மேல் அவளுக்குப் புதிதாக ஒரு பைத்தியம் பிடித்தது. அக்கரையில் எந்த வீட்டில் கல்யாணம் என்றாலும் பெண்கள் உள்ளே கொட்டுக்கு ஆடுவார்கள். ஆண்களுக்கு அனுமதியில்லை. பீபி வீட்டுக் காலத்தில் கதவுக்கு வெளியே செருப்புகளுக்குக் காவல் நின்றவள், இப்போது நடுவட்டத்தில் ஆடினாள். மஜாலிவா கோலை ஊன்றிக்கொண்டு வந்து, தெருவில் மற்ற ஆண்களோடு சுவரில் சாய்ந்து நிற்பான். உள்ளே கொட்டு ஏறும். தரை அதிரும்.

"பேசாம இருங்கப்பா கொஞ்சம்" என்பான் பக்கத்திலிருப்பவர்களிடம், காதைச் சுவரில் வைத்து. "அந்தா, அந்தக் காலடிச் சத்தம் கேக்குதா? கொஞ்சம் பிந்தி விழுதே, அது என் வீட்டுக்காரி."